டிரம்ஸை எடுத்துவிட்டு எழுதத் தொடங்குங்கள்: பழைய ராக் பாட்டைச் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவுக்கு மாற்றும் வேலை

தருமபுரியில் ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என்று சொன்னால் எல்லோருக்கும் கல்யாண வரவேற்பு மேடைதான் ஞாபகம் வரும். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், எக்கோ வைத்த இரண்டு மைக், இரண்டு பாடகர்கள். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை. வயலினிலிருந்து டபுள் பாஸ் வரை, புல்லாங்குழலிலிருந்து டிராம்போன் வரை, முப்பது நாற்பது பேர் தாளைப் பார்த்து ஒரே கையசைவுக்கு வாசிக்கிற சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைப் பற்றியது. கிடாரும் டிரம்ஸும் வைத்துச் செய்த பழைய பாட்டை அவர்களுக்காகத் திரும்ப எழுதுவது எப்படி, அதைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து மண்டபம் ஒன்றில் வாசிக்க வைப்பதென்றால் எதெல்லாம் காலை வாரும் என்பதுதான் விஷயம்.

2025 மார்ச் 8 அன்று இளையராஜா தன் சிம்பொனியை ராயல் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு அரங்கேற்றியது லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில். அதே அரங்கில் 2011 மார்ச்சில் பீட்டர் கேப்ரியல் தன் பழைய பாட்டுகளை ஆர்க்கெஸ்ட்ராவோடு பாடினார். ஜெனிசிஸ் பேண்டின் முதல் பாடகர் அவர். அந்த வருடம் அக்டோபரில் வந்த ‘நியூ பிளட்’ ஆல்பத்தில் 46 பேர் வாசித்தார்கள், ஆர்க்கெஸ்ட்ரா வடிவம் எழுதியதில் பெரும்பங்கு ஜான் மெட்காஃபுடையது. அவர்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: கிடார் கிடையாது, டிரம் செட் கிடையாது. 1982-ல் வந்த ஒரு பாட்டின் முடிவு முழுக்க ஆப்பிரிக்க மேளக்காரர்களின் அடி. புது வடிவத்தில் அந்த ஆவேசம் முழுவதையும் ஆர்க்கெஸ்ட்ராவே சுமக்கிறது.

இதற்கு நேர் எதிரான வழி 1999 ஏப்ரலில் மெட்டாலிகா என்ற ராக் பேண்ட் செய்தது. பேண்டின் சத்தத்தில் எதையும் குறைக்காமல், சான் ஃபிரான்சிஸ்கோ சிம்பொனிக்காக இசையமைப்பாளர் மைக்கேல் கேமன் மேலே இன்னொரு அடுக்கு எழுதினார். அந்த வழியும் வேலை செய்யும், ஆனால் அதற்கு அந்த அளவு ஆள், அந்த அளவு மைக், அந்த அளவு அரங்கம் வேண்டும். நம் ஊர் அளவில் செய்பவர்களுக்குக் கேப்ரியல் வழியைத்தான் சொல்வேன். எதைச் சேர்ப்பது என்று யோசிப்பதற்கு முன்னால் எதை எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

ஏன் என்பதற்குக் காரணம் காதில் இருக்கிறது. டிஸ்டார்ஷன் (சத்தத்தை வேண்டுமென்றே கரகரப்பாக்குவது) போட்ட கிடாரின் சத்தம் சுமார் 80 ஹெர்ட்ஸில் தொடங்கி 5000 வரைக்கும் இடைவெளியில்லாமல் நிரம்பிவிடும். வயலின் குடும்பத்துச் செல்லோ, வயோலா, பித்தளைக் குழலான ஹார்ன், தடித்த மரக்குழலான பஸூன் எல்லாம் குடியிருக்கும் இடமும் அதுதான். மேலே வயலினுக்கு ஒளி தருகிற பகுதியைச் சிம்பல் மூடிவிடும். தனி வயலின் ஒன்று ஒரு மீட்டர் தூரத்தில் 80, 90 டெசிபல் தரும். டிரம் செட் சர்வசாதாரணமாக 100-ஐத் தாண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் 24 பேர் வில் போடுவது கீபோர்டில் ‘ஸ்ட்ரிங்ஸ்’ பட்டனை அழுத்திய மாதிரிதான் கேட்கும். முப்பது பேரை வண்டி வைத்து அழைத்துவந்து அந்தச் சத்தத்தைப் பெறுவது பெரிய வீண்.

எல்லாப் பாட்டும் இதற்கு ஒத்துவராது. சோதிக்க எளிய வழி: சுருதிப் பெட்டியை மட்டும் போட்டுப் பாட்டைப் பாடிப் பாருங்கள். மெட்டு தானாக நின்றால் தைரியமாக எடுக்கலாம். கிடாரின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் குட்டி வரி) இல்லாமல் பாட்டே இல்லை என்றால், அந்த ரிஃபை ஆர்க்கெஸ்ட்ரா எப்படித் தாங்கும் என்பதை முதலில் தீர்த்துக்கொண்டு பிறகு மற்றதைத் தொடுங்கள். ஒரே கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) நான்கு பார் (பார் என்பது தாளத்தின் ஒரு சுற்று) நிற்கிற பாட்டுகள் நல்லவை. நடுக்குரல்கள் நகர இடம் கிடைக்கும். பாருக்கு நாலு கார்ட் மாறுகிற வேகப் பாட்டில் வயோலாவும் ஹார்னும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

தேர்ந்தெடுத்த பாட்டைக் காதால் கேட்டு அப்படியே எழுதி வைப்பது முதல் வேலை. குரல், பாஸ், ரிஃப், கார்ட், பார் எண். இரண்டு இடத்தில் ஏமாறுவீர்கள். ஒன்று, டேப்பில் பதிவான பழைய பாட்டு பெரும்பாலும் சரியான சுருதியில் இருக்காது, கால் ஸ்வரம் கூடக்குறைய நிற்கும். ஏ (மேற்கத்திய ஸ்வரங்களின் பெயர்கள் ஏ முதல் ஜி வரை) 440 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த கிடாரோடு ஒப்பிட்டு, பதிவை மென்பொருளில் ஏற்றி இறக்கிச் சரிசெய்த பிறகே எழுதுங்கள். இன்னொன்று, கிளிக் (காதில் ஓடும் தாளச் சத்தம்) இல்லாமல் வாசித்த பேண்ட் பல்லவிக்கு வரும்போது வேகம் பிடிக்கும், சரணத்தில் தளரும். பார் பாராக டெம்போவை, அதாவது வேகத்தை, அளந்து குறித்துக்கொண்டு, எந்த ஏற்ற இறக்கம் பாட்டுக்கு உயிர், எது வெறும் தடுமாற்றம் என்று பிரித்து, உயிரை மட்டும் ஸ்கோரில் (எல்லா வாத்தியங்களின் வரியும் அடங்கிய தாள்) எழுதுங்கள். தாளம் விசித்திரமாக இருந்தால் பயப்பட வேண்டாம். கேப்ரியலின் 1977 பாட்டு ஒன்று ஏழு அடித் தாளத்தில் ஓடும். மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு புதிதில்லை. ஆனால் வாசிப்பவர்களுக்கு அந்த ஏழு மூன்றும் நான்குமா, நான்கும் மூன்றுமா என்பதைப் பாரின் நடுவில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டிவிட வேண்டும். காட்டாவிட்டால் கையசைத்து நடத்துகிற கண்டக்டரின் கை ஒருபக்கம், வில் இன்னொரு பக்கம் போகும்.

இனி முக்கியமான இடம். ஒரு ரிஃபை எடுத்துப் பிரித்துக் காட்டுகிறேன். டெம்போ நிமிடத்துக்கு 132 அடி, இ மைனர் (இருண்ட சாயலுள்ள ஸ்வர வரிசை), கிடாரின் அடித்தந்தியில் இ, ஜி, ஏ என்று மூன்று பவர் கார்ட், அரை மாத்திரைகளாக வலது உள்ளங்கையை வைத்து அமுக்கி வாசித்தது.

பவர் கார்ட் என்பது ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும். காந்தாரம் கிடையாது. டிஸ்டார்ஷனில் காந்தாரத்தையும் சேர்த்து அடித்தால் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று உரசிக் குழம்பிவிடும் என்பதால்தான் ராக் கிடார்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். டிஸ்டார்ஷன் போனதும் அதே இரண்டு ஸ்வரங்களைத் தந்திகளுக்குக் கொடுத்தால் வெற்றுப் பானையைத் தட்டினாற்போல இருக்கும். கிடாரில் அந்த இடத்தை நிரப்பிக்கொண்டிருந்தது ஆம்ப் (கிடாரின் ஒலிபெருக்கி) உண்டாக்கிய மேல் ஸ்வரங்கள். இப்போது அந்த நிரப்பலை நீங்கள் எழுத வேண்டும்.

இ கார்டில் கிடார் தருவது கீழிருந்து இ, பி, மேல் இ. வயோலாவின் அடித்தந்தி சி. அந்தக் கீழ் இ-யும் பி-யும் அதற்கு எட்டாது. ஆகவே நாலு செல்லோவை இரண்டிரண்டாகப் பிரித்து, இரண்டு பேருக்கு இ, இரண்டு பேருக்கு பி. மேல் இ வயோலாவுக்கு. டபுள் பாஸ் ஒரு ஸ்தாயி கீழே, வில்லில்லாமல் விரலால் சுண்டி, பாரில் ஒன்றாவது மூன்றாவது அடிக்கு மட்டும். எட்டு அரை மாத்திரைக்கும் சுண்டினால் கீழே சேறாகிவிடும். உள்ளங்கை அமுக்கியது போன்ற குட்டைச் சத்தத்துக்குச் செல்லோக்காரர்கள் வில்லின் அடிப்பாகத்தில், தந்தியை விட்டு எகிறுகிற மாதிரி வாசிக்க வேண்டும். ‘ஸ்பிக்காட்டோ, வில் அடியில்’ என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். கூடவே ஒரு பஸூன் அதே ஸ்வரத்தைக் குட்டையாக வாசித்தால், ஆம்பிலிருந்து வருகிற அந்தக் கரகரப்பு கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். கேட்பவர்களுக்கு பஸூன் தனியாகத் தெரியாது, எடுத்துவிட்டால்தான் ஏதோ குறைகிறது என்று தெரியும்.

இப்போது காந்தாரம். இ கார்டில் ஹார்ன் ஜி பிடித்தால் மைனர் உறுதியாகிறது. ஏ கார்டுக்கு வரும்போது சி வைப்பதா, அதற்கு அரை ஸ்வரம் மேலே சி ஷார்ப் வைப்பதா? சி என்றால் இருட்டு அப்படியே தொடரும். சி ஷார்ப் என்றால் அந்த ஓர் இடத்தில் ஜன்னல் திறந்த மாதிரி வெளிச்சம் வரும். பழைய பதிவில் அந்த ஸ்வரமே இல்லை. இத்தனை வருடம் கேட்டவர்கள் அவரவர் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டிருப்பார்கள். முதல் சரணத்தில் அதை வெற்றாகவே விட்டு, கடைசிப் பல்லவியில் மட்டும் ஹார்ன் சி ஷார்ப்புக்குப் போவது எனக்குப் பிடித்த தீர்வு. பழைய பாட்டைத் திரும்பச் செய்வதில் இருக்கிற பெரிய பரிசே இந்த மாதிரி ஒரு ஸ்வரம்தான்.

டிரம்ஸ் போனதும் அதன் வேலையை நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) டபுள் பாஸுக்குப் போய்விட்டது. ஹைஹாட்டின் (ஜோடிச் சிம்பல்) ஓட்டத்தை வயோலா மெல்லிய ஸ்பிக்காட்டோவில் எடுத்துக்கொள்ளும். 132 டெம்போவில் கால் மாத்திரை ஒவ்வொன்றும் சுமார் 114 மில்லி செகண்ட். தேர்ந்தவர்களுக்கு இது முடியும், மாணவர்கள் கலந்த குழு என்றால் அரை மாத்திரையோடு நிறுத்துங்கள். இரண்டாவது, நாலாவது அடியில் பளீரென்று விழுகிற சின்ன டிரம்மான ஸ்னேர்தான் தொல்லை. அது இல்லாவிட்டால் பாட்டு நடக்காமல் மிதக்கும். தந்தி வில்லுக்குச் சத்தம் மெல்ல எழும்பும் சுபாவம். அதனால் ஸ்னேருக்கு அது மாற்றாகாது. இரண்டாம் வயலின்கள் சேர்ந்து சுண்டுவது, பியானோவின் நடுப்பகுதியில் குட்டையாக ஒரு கொத்து, இவைதான் பலன் தரும். நம் பக்கத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிக் கோயில் திருவிழாக்களில் பம்பை வாசிப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு பம்பை, இரண்டாவது நாலாவது அடிக்கு மட்டும், குறைந்த சத்தத்தில். திருவிழா வாசிப்பை இங்கே கொண்டுவந்தால் தந்திகள் காணாமல் போய்விடும், அதனால் ஒத்திகைக்கு முன்பே அவரோடு தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

டிரம் ஃபில் (ஒரு பகுதியின் முடிவில் வரும் டிரம் உருட்டல்) வருகிற இடங்களை அப்படியே டிம்பனிக்கு (ஆர்க்கெஸ்ட்ராவின் பானை வடிவ மேளம்) எழுதாதீர்கள். டிரம் செட்டின் டாம்களில் உருண்டு வருவது டிம்பனியில் கலங்கிவிடும். அந்த ஒரு பாரில் வயலின்கள் கீழிருந்து மேலே ஓடி அடுத்த பாரின் முதல் அடியில் வந்து நிற்கட்டும். ஃபில்லின் நோக்கமே அடுத்த பகுதிக்குத் தள்ளிவிடுவது. தள்ளினால் போதும்.

கிடார் சோலோவைத் தனி வயலினுக்கு அப்படியே பெயர்த்தால் போட்டிக் கச்சேரி மாதிரி ஆகிவிடும். தந்தியை இழுத்து ஸ்வரத்தை உயர்த்துகிற அந்த அழுகை செல்லோவின் மேல்தந்தியில் அழகாக வரும், மனிதக் குரலுக்கு மிக அருகில். நாதஸ்வரத்தில் அது பிறப்பிலேயே இருக்கிறது. ஆனால் பாரி நாதஸ்வரம் பொதுவாக இரண்டு, இரண்டரைக் கட்டை. வேறு சுருதிக்கு இழுக்க முடியாது. பாட்டின் சுருதியை அதற்கேற்ப வைத்தால்தான் உண்டு. மைக் வேண்டாம், கடைசி வரிசைக்கும் பின்னால் நிறுத்துங்கள்.

சுருதி என்றதும் கட்டாயம் சொல்ல வேண்டியது. கிடார்காரர்கள் இ, ஏ என்று எழுதிய பாட்டுகள் ஊதுபவர்களுக்குக் கஷ்டம். பி ஃபிளாட் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒரு முழு ஸ்வரம் மேலே எழுதி வாசிப்பவை. இ மேஜர் பாட்டு அவர்கள் தாளில் ஆறு ஷார்ப் ஆகிவிடும். அரைக் கட்டை இறக்கி இ ஃபிளாட்டில் வைத்தால் டிரம்பெட்டுக்கு ஒரே ஃபிளாட், ஹார்னுக்கு இரண்டு. தந்திகளுக்கு டி நல்லது, திறந்த தந்திகள் ஒத்து ஒலிக்கும். நம் கணக்கில் அது இரண்டு கட்டை, நாதஸ்வரத்துக்கும் பொருந்தும். இருபது வருடம் கழித்துப் பாடுகிற பாடகரின் தொண்டையும் இறக்கியதற்கு நன்றி சொல்லும். ஒரு பள்ளம் இருக்கிறது: டபுள் பாஸின் அடித்தந்தி இ. இ-யில் இருந்த ரிஃபை டி-க்கு இறக்கினால் அந்த அடி ஸ்வரம் அதற்குக் கீழே போய்விடும். வாசிப்பவர் அடித்தந்தியை ஒரு ஸ்வரம் தளர்த்திக்கொள்ள வேண்டும், அல்லது மேல் ஸ்தாயியில் எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஒத்திகை அன்று அந்த முதல் அடியில் பாஸ் இல்லாமல் பாட்டு தொடங்கும்.

ஆம்ப் மூச்சு விடாது. மனிதன் விடுவான். எட்டு பார் இழுக்கிற கார்டை இரண்டு ஹார்ன்களுக்குக் கொடுத்தால், ஒருவர் மூன்றாவது பாரிலும் இன்னொருவர் ஐந்தாவது பாரிலும் மூச்செடுக்கும்படி குறி போடுங்கள். பித்தளை வாசிப்பவர்களுக்கு ஒரு பாட்டில் பாதிக்கு மேல் ஓய்வு பார் வேண்டும். உதடு தளர்ந்தால் கடைசிப் பல்லவியில் மேல் ஸ்வரம் உடையும். இன்னொரு பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். ராக் பதிவில் சரணத்துக்கும் பல்லவிக்கும் சத்த அளவில் அதிக வித்தியாசம் இருக்காது, எல்லாம் அழுத்தி ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தது. ஆர்க்கெஸ்ட்ராவில் கிசுகிசுப்பிலிருந்து இடி வரைக்கும் இடமிருக்கிறது. முதல் சரணத்துக்கு எட்டுத் தந்திக்காரர்கள் போதும். டிரம்பெட்டை இரண்டாம் பல்லவி வரை தொடவே வேண்டாம்.

வயலின் எண்ணிக்கையில் ஒரு கணக்கு. ஒரே வரியை ஒருவர் வாசித்தால் தெளிவு. மூன்று பேருக்கு மேல் வாசித்தால் செழிப்பு. இரண்டு பேர் வாசித்தால் சுருதியின் சின்ன வித்தியாசம் துடிப்பாகக் கேட்கும், அது கேட்கச் சங்கடம். நான் பரிந்துரைப்பது முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வயோலா 4, செல்லோ 4, டபுள் பாஸ் 2. மொத்தம் 24. புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பஸூன் ஒவ்வொன்று, ஹார்ன் இரண்டு, டிரம்பெட் ஒன்று. 31 பேர்.

எழுத மியூஸ்கோர் என்ற மென்பொருள் போதும், இலவசம். ஆனால் கணினி வாசித்துக் காட்டுவதை நம்பி எடைபோடாதீர்கள். கணினியில் புல்லாங்குழலின் கீழ் ஸ்தாயி டிரம்பெட்டுக்கு ஈடாகக் கேட்கும். மேடையில் அந்தப் புல்லாங்குழல் இருப்பதே தெரியாது. கணினி மூச்சும் வாங்காது, வில்லையும் திருப்பாது.

தனித்தாள் தயாரிப்பதில் சோம்பல் பட்டால் ஒத்திகை நேரம் முழுக்க அதில் கரையும். தந்திக்காரர்கள் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, ஆகவே 4, 3, 2, 2, 1 என்று 12 தாள் கட்டு. ஊதுபவர்களுக்கு ஆளுக்கொன்று, ஏழு. பியானோவுக்கும் பம்பைக்கும் சேர்த்தால் 21, கண்டக்டருக்கு முழு ஸ்கோர் தனி. பக்கத்தின் கடைசியில் ஓய்வு பார் வருமாறு அமையுங்கள், இல்லையென்றால் பக்கம் திருப்புகிற இடத்தில் பாதி வயலின் காணாமல் போகும். ஒவ்வொரு வரிக்கும் பார் எண், எட்டு பத்து பாருக்கு ஓர் எழுத்துக் குறி. பேண்ட்காரர்கள் ‘இரண்டாவது சரணம்’ என்பார்கள், வயோலாக்காரர் ‘57-வது பார்’ என்பார். இரண்டு மொழியையும் இணைக்கிற ஒரு பக்க வரைபடத்தைப் பேண்டுக்குக் கொடுத்துவிடுங்கள். சோலோவைப் பாடகர் இஷ்டத்துக்கு நீட்டுகிற வழக்கம் இருந்தால் அந்த இடத்தில் நாலு பாரைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்படி எழுதி, கண்டக்டர் கை உயர்த்தினால் அடுத்ததுக்குப் போக வேண்டும் என்று குறியுங்கள்.

கண்டக்டரின் கைக்கும் சத்தத்துக்கும் இருக்கிற இடைவெளி ராக் ஆட்களைக் குழப்பும். ஆர்க்கெஸ்ட்ரா கையின் அடிக்குச் சற்றுப் பின்னால்தான் ஒலிக்கும். அது தவறில்லை, வில் எழும்ப நேரம் வேண்டும். பியானோக்காரர் கையின் அடியிலேயே விழுந்தால் எப்போதும் முந்திக்கொண்டே இருப்பார். தூரமும் சேரும்: பத்து மீட்டர் கடக்கச் சத்தத்துக்கு 29 மில்லி செகண்ட் ஆகிறது. கிளிக் வைப்பதானால் கண்டக்டருக்கும் பியானோவுக்கும் மட்டும் காதில் கொடுங்கள், மற்றவர்கள் கையைப் பார்க்கட்டும். பாடகர் கூட்டத்தைப் பார்த்து நிற்பதால் கண்டக்டர் அவர் கண்ணில் படமாட்டார். கண்டக்டரின் இடப்பக்கம் பாதி திரும்பி நிறுத்தி, காதில் பியானோவும் வயோலா ஓட்டமும் கொடுத்தால் சொற்கள் நழுவாது.

இனி மண்டபம். முதல் பிரச்சினை நாற்காலி. வாடகைக்கு வருகிற பிளாஸ்டிக் நாற்காலிகளுக்குக் கை இருக்கும். அந்தக் கையில் வயலின்காரர் முழங்கை இடிக்கும், செல்லோவுக்கு வில்லே போடமுடியாது. சாப்பாட்டுக் கூடத்தில் பெரும்பாலும் கையில்லாத நாற்காலிகள் இருக்கும், அவற்றைக் கேட்டு வாங்குங்கள். உட்காரும் பலகை பின்பக்கம் சரியாமல் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தரை. கிருஷ்ணகிரி கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம். மண்டபத் தரையெல்லாம் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருப்பார்கள். செல்லோவும் டபுள் பாஸும் நிற்பது கீழே ஒரு கூர் இரும்பு முனையில். அது கிரானைட்டில் பிடிக்காமல் வழுக்கி, வாசிக்க வாசிக்க வாத்தியம் முன்னால் நகர்ந்துகொண்டே போகும். தேங்காய்நார்ப் பாயை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையை நாற்காலியின் முன்கால்களுக்கு அடியில் வையுங்கள். வாசிப்பவரின் எடையே பாயைப் பிடித்துக்கொள்ளும், முனை நாருக்குள் இறங்கி நிற்கும். வெறும் பாயை மட்டும் போட்டால் பாயும் சேர்ந்து வழுக்கும். செல்லோ நாலு, டபுள் பாஸ் இரண்டு, ஆக ஆறு துண்டு. டபுள் பாஸ்காரர் நின்று வாசிப்பவராக இருந்தால் அவர் பாயின் மேலேயே நிற்கட்டும்.

மூன்றாவது, இடம். ஆளுக்குச் சுமார் 15 சதுர அடி, டபுள் பாஸுக்கு 20. முப்பதுக்கு இருபது அடி மேடை இருந்தால் 31 பேரும் பியானோவும் நெருக்கி உட்காரலாம், டிரம் செட்டுக்கு இடமிருக்காது. மணமக்கள் சோபாவையும் பின்னணி அலங்காரத்தையும் எடுத்துவிட வேண்டும். மேடை சின்னது என்றால் கூடத்தின் தரையிலேயே ஆர்க்கெஸ்ட்ராவை உட்காரவைத்துப் பார்வையாளர்களை மூன்று பக்கமும் அமர்த்துவது உத்தமம்.

கிரானைட்டும் சிமென்ட் பூச்சும் சத்தத்தைத் திருப்பி அடிக்கும். 132 டெம்போவில் ஸ்பிக்காட்டோ ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி, கனமான துணியை இரட்டையாக மடித்துத் தொங்கவிடுங்கள். மெல்லிய ஷாமியானா துணி கீச்சுச் சத்தத்தை மட்டும்தான் குடிக்கும். அதற்கும் அடங்காவிட்டால் டெம்போவை 126-க்கு இறக்குங்கள். காலிக் கூடத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுப் பதற வேண்டியதில்லை, ஆட்கள் நிரம்பினால் எதிரொலி பாதியாவது அடங்கும். ஆனால் மின்விசிறி இரைச்சலும் குழந்தைகளும் சேரும், அதனால் தாளில் மிக மென்மை என்று எழுதிய இடங்களை ஒரு படி ஏற்றிவிடுங்கள். ஸ்டாண்டு ஃபேன் காற்று தாளைப் பறக்கவிடும், ஸ்டாண்டு ஒன்றுக்கு இரண்டு துணிக் கிளிப்.

மே மாத உக்கிரத்தில் நடத்தினால் சுருதி தகராறு வரும். வெயிலில் தந்தி தளர்ந்து இறங்கும், ஊதுகிற வாத்தியம் ஏறும். காற்றில் சத்தத்தின் வேகம் ஒவ்வொரு டிகிரிக்கும் விநாடிக்கு 0.6 மீட்டர் கூடுவதே காரணம். 20 டிகிரியிலிருந்து 35-க்குப் போனால் கணக்குப்படி அரை ஸ்வரத்தில் கிட்டத்தட்ட பாதி. வாசிப்பவரின் மூச்சே குழலைச் சூடாக்கி வைத்திருப்பதால் நடைமுறையில் அவ்வளவு வராது, ஆனாலும் காதில் உறுத்தும். வாத்தியங்களைக் காரில் பூட்டி வைக்காமல் ஒரு மணி நேரம் முன்பே கூடத்துக்குள் கொண்டுவந்து, ஒவ்வொரு இரண்டு பாட்டுக்கும் சுருதி சேருங்கள்.

மைக்செட் அண்ணனிடம் முன்கூட்டியே பேச வேண்டியது சேனல் கணக்கு. நம் பக்கத்தில் வாடகைக்குக் கிடைப்பது பொதுவாக 32 சேனல் மிக்ஸர். வயலின், வயோலாவுக்கு ஸ்டாண்டுக்கு ஒன்று, 9. செல்லோவுக்கு ஆளுக்கொன்று, 4. டபுள் பாஸ் 2, மரக்குழல்கள் 4, ஹார்ன் 2, டிரம்பெட் 1. இதுவரை 22. பியானோ 2, பாடகர் 1, கோரஸ் 2, பம்பை 1. மொத்தம் 28. கண்டக்டர் பேச ஒன்று, கிளிக் ஒன்று, உபரி இரண்டு. சரியாக 32. டிரம் செட்டுக்கு எட்டு மைக், கிடாருக்கு இரண்டு என்று சேர்த்திருந்தால் கணக்கு உடைந்திருக்கும். மேடையில் வாசிப்பவர்களுக்குக் கேட்பதற்காக வைக்கிற மானிட்டர் பெட்டிகளைக் குறையுங்கள். வயலின் மைக்குக்கு எதிரில் ஒன்று இருந்தாலும் ஊளையிடும். அலங்காரச் சீரியல் லைட்டுக்கும் ஒலிக்கும் வேறு வேறு ஃபேஸ் கேளுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள். ‘ர்ர்ர்’ என்கிற இரைச்சலில் பாதி அங்கிருந்துதான் வரும்.

ஆட்கள்? ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர், மேற்கத்திய முறையில் படித்த தந்திக்காரர்கள் அங்கே கிடைப்பார்கள். சென்னையில் கே.எம். மியூசிக் கன்சர்வேட்டரி மாணவர்கள் இருக்கிறார்கள். தேவாலய இசைக்குழுக்களில் நோட்ஸ் பார்த்து வாசிப்பவர்கள் பலர். கர்நாடக வயலின்காரர்களைச் சேர்ப்பதானால், அவர்கள் தந்தி ஸ-ப-ஸ-ப என்று சேர்த்திருப்பது. கூட்டு வரியில் ஆறு பேர் ஆறு விதமாகக் கமகம் போட்டால் வரி மங்கிவிடும். அவர்களுக்குத் தனி வரி எழுதி, அதில் முழுச் சுதந்திரம் கொடுப்பதே அவர்கள் கலைக்கு மரியாதை.

பாட்டு உங்களுடையது இல்லையென்றால் இசையமைப்பாளர், பாடலாசிரியர் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அனுமதி வாங்குங்கள். டிக்கெட் போட்டு மேடையேற்ற ஐபிஆர்எஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர்களுக்கான உரிமைத் தொகையை வசூலிக்கும் சங்கம்) உரிமம் தேவைப்படும். பழைய பதிவிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஓடவிடுவதானால் பதிவை வைத்திருக்கும் நிறுவனத்தின் அனுமதி தனி.

எல்லாம் முடிந்த பிறகு தாள்களைப் பத்திரப்படுத்துங்கள். ராக் பேண்டும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்த முன்னோடி நிகழ்ச்சி 1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்தது: டீப் பர்ப்பிள் பேண்டும் ராயல் பில்ஹார்மோனிக்கும். எழுதியவர் அந்தப் பேண்டின் கீபோர்டுகாரர் ஜான் லார்ட், நடத்தியவர் மால்கம் அர்னால்ட். அதன் கையெழுத்து ஸ்கோர் பிறகு தொலைந்துபோனது. மார்கோ டி ஹூய் என்ற டச்சு இசையமைப்பாளர் ஒலிப்பதிவைக் கேட்டும் படப்பதிவைப் பார்த்தும் ஸ்வரம் ஸ்வரமாகத் திரும்ப எழுதத் தொடங்க, ஜான் லார்டும் கூட உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். அதே அரங்கில் மறுபடி வாசிக்க 1999 ஆகிவிட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் 21 கட்டுகளையும் எண்ணி வாங்குங்கள். வாசித்தவர்கள் பென்சிலில் போட்ட வில் குறிகளும் மூச்சுக் குறிகளும் இருக்கும், அழிக்காமல் ஸ்கேன் செய்யுங்கள். மியூஸ்கோர் கோப்போடு பிடிஎஃப்பும் சேர்த்து இரண்டு ஹார்டு டிஸ்கில், இரண்டு பேர் வீட்டில்.